பாஸ் இல்லாத பாறைகள்

முப்பந்தலுக்குத் தெற்கே
தார் முடிகிற இடத்தில் ஸ்கூட்டரை நிறுத்தி
பென்சிகர் கையை விரித்தான்:
"இந்தா, நம்ம பாலைவனப் பூங்கா."
டிக்கெட் இல்லை, வாசல் இல்லை.
உடைமரம் ஒன்று குடை பிடித்து நின்றது,
தன் காலுக்கே போதாத நிழலோடு.

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் தக்கலையில் மழை.
லீதியாளின் ரெயின்கோட்டில் இன்னும் ஈரம்.
இந்த மண்ணோ
அப்படியொன்றைக் கேள்விப்பட்டதே இல்லை.

நான் கிரஷரில் பாஸ் எழுதுகிறவள்.
ஆறு வருஷமாக எனக்குப் பாறை என்றால்
யூனிட்.
லாரி நம்பர், நேரம், ஜல்லியா பொடியா, போகுமிடம்.
அதனால் முதல் பாறையைப் பார்த்ததும்
(உருண்டை, இன்னொன்றின் தலையில்,
நடுவே ஒரு தோசைக்கரண்டி நுழைகிற சந்து)
வாய் தானாகச் சொன்னது:
"முப்பத்தெட்டு யூனிட். டாரஸில் ஏழு நடை."
பென்சிகர் சிரிக்கவில்லை.
"அதுக்கு ஆமைன்னு பேரு வச்சிருக்கேன்."
"ஆமையா? எங்க சித்தப்பா
கிறிஸ்மஸ் மத்தியானம் ஒறங்குற மாதிரியில்லா இருக்கு"
என்றாள் லீதியாள்.

அடுத்தது இரண்டாய்ப் பிளந்து கிடந்தது,
நூல் பிடித்தது போல.
குனிந்து தேடினேன், பழக்கதோஷம்.
துளை இல்லை.
மருந்து வாடை இல்லை. திரி கருகிய கோடு இல்லை.
கம்ப்ரஸர் ஏற முடியாத இந்த மேட்டில்
யார் பிளந்தது, எந்த அவசரத்துக்கு?
அவசரம் என்று ஒன்று
இருந்திருக்கவே வேண்டாம் என்பது
கொஞ்சம் கழித்துத்தான் தோன்றியது.
பிளவுக்குள் ஓர் ஆவாரை,
இரண்டு பூ.

கூடாரம் இரவல்.
மூணாறுக்காக எவனோ வாங்கியது.
ஆணி ஒரு விரற்கடை இறங்கியதும் கீழே பாறை.
ஆடி மாசத்துக் கணவாய்க் காற்று,
காற்றாலைகளையே கழுத்தைப் பிடித்துத் திருகுகிற காற்று,
எட்டேகாலுக்கு அதைத் தூக்கியது.
நீல நைலான் வெள்ளாடு
துள்ளித் துள்ளிப் போய் முள்ளில் மாட்டி
விடியும்வரை கத்தியது.

ஆமையின் வயிற்றடியில் ஒடுங்கினோம்.
மயக்கிய மரச்சீனி, சாளைக் கறி,
ஒவ்வொரு வாயிலும் நறநற.
"எம்-சாண்ட்" என்றாள் லீதியாள்.

பகலெல்லாம் வாங்கிய வெயிலைப் பாறை
ராத்திரியில் சில்லறையாய்த் திருப்பிக் கொடுத்தது.
முதுகில் வாங்கிக்கொண்டேன்,
ரசீது போடாமல்.
தலைக்கு மேல் முப்பத்தெட்டு யூனிட்.
எத்தனை ஆயிரம் ஆடிக்காற்றில் விழாதது,
இன்றைக்கும் விழாது என்று
எழுதித் தந்தவர் யாருமில்லை.
தூரத்தில் நாலுவழிச் சாலை.
மேற்கே போகிற லாரி வெளிச்சங்களில்
எதில் என் கையெழுத்து போகிறது என்று
பார்த்துக்கொண்டே கிடந்தேன்.
மற்ற இருவரும் குறட்டை.

விடிந்தபோது, கிழக்கிலிருந்து பார்த்தால்,
ஆமை இல்லை. சித்தப்பாவும் இல்லை.
பென்சிகர் மூன்று பேர் சொல்லிப் பார்த்துவிட்டு
பல் தேய்க்கப் போனான்.
நான் துப்பட்டாவால் சுற்றளந்தேன்.
முப்பத்தெட்டு தப்பு, நாற்பத்தொன்று.
மறுபடி அளந்தேன், முப்பத்தாறு.
மூன்றாம் முறை
காற்று துப்பட்டாவைப் பிடுங்கிக்கொண்டது.

திங்கட்கிழமை முதல் டாரஸ்.
ஞானதாஸ் ஹார்ன் அடித்தான்.
பாஸைக் கிழிக்குமுன் இறங்கிப் போய்
சுமையில் கை வைத்தேன்.
"என்னக்கா, ஈரமா?"
"இல்ல."
உடைந்த கல் ராத்திரிக்குள்
ஆறிவிடும் போலிருக்கிறது.
நேரம் 7.10 என்று எழுதினேன்.